நீச்சல்குளப் பராமரிப்பு ஒப்பந்தம்: கூடுதலாக வசூலித்த தொகையைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
ஆண்டு ஒப்பந்த வாடிக்கையாளர்,
கானத்தூர், கிழக்குக் கடற்கரைச் சாலை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நீச்சல்குளப் பராமரிப்பு நிறுவனம், சென்னை.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டு நீச்சல்குளத்தைக் கடந்த பிப்ரவரி முதல் உங்கள் நிறுவனம்தான் பராமரித்து வருகிறது. ஆண்டுக்கு 72,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 84,960 ரூபாய். முழுத் தொகையையும் முன்பே கட்டிவிட்டேன். வேலையாள் கூலி, ரசாயனம் எல்லாம் இதிலேயே அடக்கம், தனியாக எதுவும் வராது என்று உங்கள் விற்பனைப் பிரிவில் உறுதியாகச் சொன்னார்கள். அதற்கு அப்புறம் பாசி நீக்கும் சிகிச்சைக்கு 18,400, ஃபில்டர் மணல் மாற்ற 11,000, பம்ப் சீல் மாற்ற 4,200 என்று பில் வந்து, 33,600 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இப்போது குளத்துத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும், அந்தச் செலவும் என்னுடையது என்கிறீர்கள்.

வீட்டில் குளம் என்றால் செலவு வைக்கும் என்பது தெரிந்துதான் கட்டினோம். கரண்ட், குளோரின், அமிலம், தேய்கிற பாகங்கள், இவற்றுக்கெல்லாம் நான் கணக்குப் பார்த்ததில்லை. அம்மாவின் முழங்கால் வலிக்குத் தண்ணீரில் நின்று செய்யும் பயிற்சி நல்லது என்று மருத்துவர் சொன்னதால் உண்டான குளம் இது. உங்கள் வேலை முறையால் வந்த செலவை என் தலையில் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

நடந்தது இதுதான். உங்கள் ஆள் வாரம் இரண்டு, வெயில் காலத்தில் மூன்று என 200 கிராம் டிசிசிஏ 90 (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம் என்ற குளோரின் வகை) மாத்திரைகளை, மேற்பரப்புத் தண்ணீரைப் பம்புக்கு இழுக்கும் ஸ்கிம்மரின் கூடையில் போட்டுவிட்டுப் போனார். மஞ்சளும் சிவப்பும் காட்டும் சின்ன கிட்டில் குளோரினும் பிஹெச்சும் (அமில-கார அளவு) பார்ப்பார். பம்ப் ரூமில் தொங்கும் உங்கள் அட்டையில் இந்த இரண்டுக்கும்தான் கட்டம் இருக்கிறது. சயனூரிக் அமிலத்துக்குக் கட்டமே இல்லை.

டிசிசிஏ கரையும்போது குளோரின் மட்டும் வருவதில்லை, சயனூரிக் அமிலமும் சேர்ந்து வருகிறது. எங்கள் 40,000 லிட்டர் குளத்தில் அப்படி ஒரு மாத்திரை ஏறத்தாழ 2.7 பிபிஎம் (லிட்டருக்கு 2.7 மில்லிகிராம்) சயனூரிக்கை ஏற்றிவிடும். வெயிலில் குளோரின் சீக்கிரம் அழியாமல் காக்க அது 30 முதல் 50 பிபிஎம் வரை தேவைதான். அதற்கு மேல் போகப் போகக் குளோரினின் வேலை மந்தமாகும். தண்ணீர் ஆவியானாலும் இந்த அமிலம் குளத்திலேயே தங்கிவிடும். ஃபில்டரைத் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவும் பேக்வாஷில் கொஞ்சம் வெளியேறும், அவ்வளவுதான். குறைக்க வேண்டுமானால் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இது உங்கள் தொழிலின் பாலபாடம். நவம்பரில் நான் தனியாக ஒரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது சயனூரிக் 160 பிபிஎம் இருந்தது.

ஆகஸ்டில் தண்ணீர் பச்சையானபோதே இதைப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கிட்டில் மஞ்சள் நன்றாகத்தான் வந்தது; குளோரின் இருந்தும் பாசி ஏன் பிடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பாசியைக் கொல்ல ஒரேயடியாக நிறைய குளோரின் போடும் 'ஷாக்' என்று கொட்டியதும் அதே டிசிசிஏவின் தூள்தான், உங்கள் பில்லிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுத்து, அதற்கு 18,400 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

பாசி போகவில்லை என்றதும் மணல் மீது பழி போட்டீர்கள். குளம் கட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது, ஃபில்டர் மணல் சாதாரணமாக ஐந்து வருடம் வரை தாங்கும். மணல் அடைத்திருந்தால் ஏற வேண்டிய பிரஷர் மீட்டரிலும் ஏற்றம் எதுவும் இல்லை. மணலை மாற்றிய பிறகும் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. பிறகு பம்பை இரவும் பகலும் ஓட்டச் சொன்னீர்கள். ஒன்றரை ஹெச்பி மோட்டார் அப்படி ஓடினால் நாளுக்கு 26 யூனிட்டுக்குக் குறையாது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பம்ப் சீலும் தானாகக் கெடவில்லை. டிசிசிஏ கரைந்த தண்ணீரின் பிஹெச் 3-க்குப் பக்கத்தில் இருக்கும். பம்ப் ஓடாத இரவு நேரத்தில் ஸ்கிம்மரில் மாத்திரை ஊறினால், காலையில் பம்ப் முதலில் இழுப்பது அந்த அமிலத்தைத்தான். அதனால்தான் மாத்திரையை மிதவையில் போடச் சொல்வார்கள்.

இதைவிட என்னைப் பதற வைத்தது வேறு. நவம்பர் மழைக்கு நடுவில் உங்கள் சூப்பர்வைசர் மோட்டாரோடு வந்து, ஒரே நாளில் குளத்தைக் காலி செய்யப் போவதாகச் சொன்னார். எங்கள் தெரு கடற்கரை மணல். அந்த மாதத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். உள்ளே தண்ணீரின் எடை இல்லாவிட்டால், நிலத்தடி நீர் அடியிலிருந்து தள்ளி, தொட்டி முழுவதும் படகு மாதிரி மேலே கிளம்பும், விரிசலும் விடும். அடியில் அழுத்தம் விடும் வால்வ் இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நான் தடுத்திருக்காவிட்டால் லட்சக்கணக்கில் கட்டிய குளமே போயிருக்கும். அவர் மீதோ, வாரம்தோறும் வரும் தம்பி மீதோ எனக்குக் கோபம் இல்லை. சரியான கிட்டும் பயிற்சியும் தராமல் அவர்களை அனுப்புகிற நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சயனூரிக்கை 160-லிருந்து 40-க்குக் கொண்டுவரக் குறைந்தது முக்கால் குளம், அதாவது 30,000 லிட்டர் மாற்ற வேண்டும்; பகுதி பகுதியாக மாற்றினால் இன்னும் கூடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. எனவே 12,000 லிட்டர் லாரி குறைந்தது மூன்று வேண்டும். கோடையில் குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊரில் இத்தனை தண்ணீரைக் கொட்டுவது மனசுக்கு ஒப்பவில்லை. மழை தொடங்குமுன் சோதித்துச் சொல்லியிருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி மழைநீரையே பிடித்து ஒரு பங்கை மாற்றியிருக்கலாம்.

எனவே 33,600 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். தேவைப்படும் லாரித் தண்ணீர் முழுவதன் செலவும் உங்களுடையது. நிலத்தடி நீர் இறங்கிய பிறகு, குளத்தை ஒருபோதும் முழுதாகக் காலி செய்யாமல் பகுதி பகுதியாக மாற்றித் தர வேண்டும். மீதி ஒப்பந்தக் காலத்தில் சயனூரிக் சேராத திரவக் குளோரினுக்கு மாறுங்கள். மாதம் ஒருமுறை சயனூரிக், காரத்தன்மை, கால்சியம் மூன்றையும் பார்த்து அட்டையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாத்திரை போட்டால் எத்தனை என்றும் எழுதுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம்கூட இல்லை.

இப்படிக்கு,
ஆண்டு ஒப்பந்த வாடிக்கையாளர், கானத்தூர்

இணைப்பு: ஒப்பந்த நகல், மூன்று பில்கள், ஆய்வக அறிக்கை, பம்ப் ரூம் அட்டையின் படங்கள்.