மலை ஏற்றத்தில் இழுக்காத காருக்குத் தேவையில்லாமல் கிளட்ச் மாற்றியது பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: சேலத்தில் உள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், கோளாறைக் கண்டுபிடிக்காமலே கிளட்ச் மாற்றி வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா, வணக்கம்.

எனக்கு வீடு அஸ்தம்பட்டியில், வேலை ஏற்காட்டில். வேலைக்குப் போக அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். உங்கள் டர்போ டீசல் காரை வாங்கியதே இந்த ஏற்றத்துக்காகத்தான்.

அந்தக் கார் சில மாதங்களாக மலையில் இழுக்கவில்லை. சமதளத்தில் குறையே தெரியாது. ஓமலூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் 80, 90 வேகத்தில் நன்றாகவே போகும். மலை ஏறத் தொடங்கினால் மூன்றாவது வளைவுக்குள் திணறும். செகண்ட் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் எஞ்சின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) 2000-ஐத் தாண்டாது. முன்பக்கம் 'உஸ்' என்று காற்று சீறும். பின்னால் கரும்புகை. வளைவின் நடுவில் வேகம் செத்து, பின்னால் பஸ் வந்து நிற்கும்போது குடும்பத்தோடு உள்ளே உட்கார்ந்திருப்பது எவ்வளவு பயம் என்பது அந்த ரோட்டில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

இதை எல்லாம் சர்வீஸ் அட்வைசரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது "பிக்கப் குறைவு" என்று மட்டும். சத்தம், புகை, மலையில் மட்டும் வருகிறது என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. அதைப் பார்த்து வேலை செய்கிற மெக்கானிக்குக் கோளாறு எப்படிப் பிடிபடும்?

முதலில் ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் மாற்றினார்கள். சரி, அதில் எனக்கு வருத்தமில்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் ஏற்றத்தில் எஞ்சினுக்குத் தேவையான டீசல் போய்ச் சேராது. அங்கிருந்து தொடங்குவது முறைதான். ஆனால் கோளாறு அப்படியே இருந்தது. திரும்பப் போனபோது, "மலையில காத்து கம்மி சார், எல்லா வண்டியும் அப்படித்தான்" என்றார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிடக் குறைவு என்பது உண்மை. டர்போ இல்லாத எஞ்சின் என்றால் அந்த உயரத்தில் கொஞ்சம் சக்தி இழக்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டத்தானே டர்போ இருக்கிறது? போகட்டும், என் வண்டி திணறுவது உச்சியில் இல்லை. அடிவாரத்தை ஒட்டிய மூன்றாவது வளைவில். அங்கே காற்று எவ்வளவு குறைந்துவிடும்?

அப்புறம்தான் கிளட்ச் போய்விட்டது என்று சொல்லி, பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் மாற்றி, கூலியோடு 21,600 ரூபாய் வாங்கினார்கள். எஞ்சின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்கினால் மிதிக்க மிதிக்க ஆர்பிஎம் ஏறும், வேகம் மட்டும் ஏறாது. என் வண்டியில் ஆர்பிஎம்மே ஏறவில்லை. இந்த வித்தியாசத்தை வைத்தே கிளட்சைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கலாம். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டேன், காட்டவில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்பதால், வண்டியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டவில்லை என்றார்கள். டெஸ்ட் டிரைவ் போனது பைபாஸ் ரோட்டில்.

மறுநாளும் வண்டி அதே வளைவில் அதே மாதிரி திணறியது.

கடைசியில் கோரிமேட்டில் உள்ள ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அந்த மெக்கானிக் முதலில் என்னைப் பேசவிட்டார். பிறகு ஸ்கேனரை மாட்டினார். டர்போ அழுத்தம் போதவில்லை என்பதற்கான பி0299 என்ற கோட் பதிவாகியிருந்தது. ஸ்கேனரோடு என்னை மலை ஏறச் சொல்லி, எஞ்சின் கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஏற ஏற இரண்டுக்கும் இடைவெளி கூடியது. இறங்கி வந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தால், டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் அடிப்பக்கமாகக் கிழிந்திருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் படலம். சமதளத்தில் அழுத்தம் குறைவு என்பதால் கிழிசல் மூடியே கிடக்கும். ஏற்றத்தில் அழுத்தம் கூடியதும் விரிந்து காற்றை வெளியே விடும். உள்ளே வந்ததாக சென்சார் கணக்கிட்ட காற்றுக்கு ஏற்ப டீசல் போகும், காற்று வழியிலேயே போய்விடும், அதனால்தான் கரும்புகை. ஹோஸும் கிளாம்பும் கூலியும் சேர்த்து 1,850 ரூபாய். இப்போது வண்டி 20 வளைவும் திணறாமல் ஏறுகிறது.

இந்தக் கிழிசலோடு தொடர்ந்து ஓட்டினால், கசிவை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று அதுவே கெட்டுப்போகலாம் என்றும் அவர் சொன்னார். கிளட்சுக்கு வாங்கிய பணத்தைவிட அந்த ஆபத்தில் என்னை மலைக்கு அனுப்பியதுதான் எனக்கு அதிகக் கோபம்.

நான் கேட்பது இவைதான். கிளட்ச் வேலைக்கு வாங்கிய 21,600 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். கிளட்ச் போய்விட்டது என்று எந்தச் சோதனையை வைத்து முடிவு செய்தார்கள் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சொல்லும் அறிகுறிகளை அவர் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதவும், ஏற்றத்தில் மட்டும் வரும் கோளாறை ஸ்கேனரோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கவும் உங்கள் சேலம் கிளைக்கு உத்தரவிட வேண்டும். சேர்வராயன் மலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓட்டிப் பார்க்க வேறு இடம் தேட வேண்டியதில்லை.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.

இணைப்பு: ஜாப் கார்டு, கிளட்ச் பில், ஹோஸ் மாற்றிய பில் ஆகியவற்றின் நகல்கள், ஸ்கேனர் திரை, கிழிந்த ஹோஸ் படங்கள். கிழிந்த ஹோஸ் என்னிடம் இருக்கிறது; உங்கள் ஆட்கள் வந்தால் காட்டுகிறேன்.