தேசிய விருது நடுவர் குழுவின் அடுத்த தலைவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஆகஸ்டில் 70ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. 'திருச்சிற்றம்பலம்' படத்துக்காக நித்யா மேனனும் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார் என்றதும், 'கார்கி'யில் நடித்த சாய் பல்லவிக்கல்லவா அது போயிருக்க வேண்டும் என்று தமிழ் ரசிகர்களில் ஒரு சாரார் குறைபட்டுக்கொண்டார்கள். சாய் பல்லவியின் நடிப்பு மிகச் சிறந்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் குறையின் அடியில் கிடந்த எண்ணத்தோடுதான் என்னால் உடன்பட முடியவில்லை. அடுத்த வீட்டுத் தோழியாக இயல்பாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் விருதுக்குரிய நடிப்பா என்பதே அந்த எண்ணம்.

சிரிக்க வைக்கும் நடிப்பை, அழ வைக்கும் நடிப்பைவிடக் குறைவாக மதிக்கும் இந்தப் போக்கு புதிதன்று. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது மூன்று முறை கிடைத்தது: 'மூன்றாம் பிறை', 'நாயகன்', 'இந்தியன்'. மூன்றும் கனத்த படங்கள். உடல்மொழியாலும் பேச்சு வழக்காலும் நான்கு பேரைத் தனித்தனியே நிறுத்திக்காட்டிய 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) அந்தப் பட்டியலில் இல்லை. நாகேஷின் கதை இன்னும் விசித்திரமானது. தமிழகத்தை ஒரு தலைமுறைக்கு மேல் சிரிக்க வைத்தவருக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது, 1994இல் வெளியான 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த தந்தையாக அவர் கலங்கி நின்ற பிறகுதான்.

'காதலிக்க நேரமில்லை' (1964) வந்த காலத்தில் நடிப்புக்கெனத் தேசிய விருதே கிடையாது என்பதையும், துணை நடிகர் விருது 1984இல்தான் தொடங்கியது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் அந்தப் படத்தில் நாகேஷ் டி. எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தாங்கள் ஒருமுறை நடுவர் கண்ணோடு பார்க்க வேண்டும். பேய் எதுவும் திரையில் வருவதில்லை. நாகேஷின் குரலும் கைகளும் ஓசைகளும் மட்டுமே அதை உண்டாக்குகின்றன. எதிரே அமர்ந்திருக்கும் பாலையாவோ, ஏறக்குறைய ஒன்றும் பேசாமலேயே, பெரிய மனிதரின் மிடுக்கிலிருந்து ஆர்வத்துக்கும் ஆர்வத்திலிருந்து நடுக்கத்துக்கும் படிப்படியாக இறங்குகிறார். என் கணிப்பில் அந்தக் காட்சியில் கடினமான வேலை பாலையாவுடையது. அரை நொடி முன்னதாக அவர் பயந்திருந்தால் நாகேஷ் சொல்வது வீணாகியிருக்கும். அரை நொடி பிந்தியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது. உடல் இளைப்பதும் தாடி வளர்ப்பதும் உழைப்பாக நம் கண்ணில் படுகின்றன. இந்தக் கணக்கோ பிசகும்போது மட்டுமே தெரியவருகிறது.

நடுவர்கள் படம் பார்க்கும் முறையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். நகைச்சுவைப் படம் நிறைந்த அரங்கத்துக்காக எடுக்கப்படுவது. ஒருவரின் சிரிப்பு அடுத்தவரைத் தொற்றும் இடத்தில்தான் அது முழுமை பெறுகிறது. அதையே, நாளெல்லாம் படங்களைப் பார்த்துச் சலித்த சிலர், அறிமுகமில்லாத மொழியில், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்தபடி பார்த்தால் என்ன மிஞ்சும்? ஒரு தாயின் ஓலம் அந்த எழுத்துகள் இல்லாமலே அவர்களைச் சென்றடையும். கிரேசி மோகனின் ஒரு வரியை அவர்கள் படித்து முடிப்பதற்குள் அடுத்த மூன்று வரிகள் கடந்துபோயிருக்கும்.

முழுமையான பொழுதுபோக்கு தரும் ஜனரஞ்சகப் படத்துக்கென்று 1975 முதல் தனி விருது இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். 'பதாய் ஹோ' (2018) போன்ற மென்மையான நகைச்சுவை அதைப் பெற்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 'பாகுபலி 2'க்கும் 'காந்தாரா'வுக்கும் போனதும் அதே விருதுதான். மக்கள் திரண்டு பார்த்த படம் என்பதும் மனத்தை இலேசாக்கும் படம் என்பதும் ஒன்றல்ல. மேலும், தனியாக ஓர் அறை ஒதுக்கிவிட்டதாலேயே, சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த நடிப்பு ஆகிய பிரிவுகளில் அத்தகைய படங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற மனநிலையும் வந்துவிடுகிறது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இறுதிச் சுற்றுக்கு வரும் நகைச்சுவைப் படங்களை, அந்த மொழி தெரிந்த பார்வையாளர் நூறு பேரையாவது உடன் அமர்த்தி நடுவர்கள் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குழுவில் ஓர் இடத்தையேனும் நகைச்சுவை எழுதியோ நடித்தோ படத்தொகுப்பு செய்தோ பழகிய ஒருவருக்கு வழங்குங்கள். எந்த இடத்தில் எத்தனை கஷ்டம் ஒளிந்திருக்கிறது என்பதை மற்றவர்களுக்கு அவர் எடுத்துச் சொல்வார்.

இப்படிக்கு,
ஒரு திரைப்பட ரசிகன்