புள்ளியை விழுங்கும் திரைப்பூச்சு: மொனிற்றரை மாற்றித் தரக் கோரல்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
2025.03.12

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த ஜனவரியில் உங்கள் யாழ்ப்பாணக் காட்சியறையில் 23.8 அங்குல மொனிற்றர் ஒன்று வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். இரண்டு தடவை தொலைபேசியில் கதைத்தும் பலனில்லாததால் இப்போது எழுத்தில் தருகிறேன்.

நான் காங்கேசன்துறை வீதியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கலியாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், எல்லாவற்றையும்விட அதிகமாக அந்தியேட்டிக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் 31ஆம் நாள் கிரியைக்கு அச்சிடும் நினைவுப் புத்தகம். நாள் முழுக்க வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துப் பார்க்கிற வேலை. உங்கள் திரையிலோ வெள்ளை வெள்ளையாக இல்லை. குருமணல் தூவியதுபோல் மினுமினுக்கிறது. தலையை அசைத்தால் மினுக்கமும் சேர்ந்து மாறுகிறது.

நீங்கள் அனுப்பிய தம்பி கேபிளை மாற்றினார், ரெசலூஷனையும், எழுத்தைத் துலக்கிக் காட்டும் கிளியர்டைப் அமைப்பையும் நோண்டினார், கடைசியில் “கண்ணைக் காட்டிப் பாருங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, அதையும் செய்தேன். கண்ணில் பிழையில்லை.

அப்புறம் நானே சோதித்தேன். அதே பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து போனில் பார்த்தால் எழுத்து துல்லியம். திரையில் பக்கத்தை இழுத்தால் எழுத்து நகர்கிறது, மணல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிறகு, பார்சல் சுற்றுகிற தெளிவான ஒட்டுநாடா (ரேப்) ஒரு துண்டைத் திரையில் ஒட்டினேன். அந்தத் துண்டுக்குள் மட்டும் எழுத்து கூராகத் தெரிந்தது! பூச்சின் மேடுபள்ளத்தை ரேப்பின் பசை நிரப்பிவிட்டது. ஆக, பிழை வெளிச்சம் பட்டுக் கண் கூசாமலிருக்கத் திரையின் மேலே பூசிய கூச்சத்தடுப்புப் பூச்சில்தான்.

இந்தத் திரையில் ஒரு பிக்சல், அதாவது படத்தை ஆக்கும் ஒரு சின்னக் கட்டம், ஏறத்தாழ 0.27 மில்லிமீற்றர். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஆளுக்கு 0.09. பூச்சின் ஒவ்வொரு பொருக்கும் சின்ன வில்லைபோல் அந்த ஒளியைக் கண்டபாட்டுக்கு வளைத்துவிடுகிறது. 10 பொயின்ற் எழுத்துக்குக் கிடைப்பதே 13 பிக்சல் உயரம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சல் கிடைத்தால் பெரிய காரியம். ஆங்கிலம் அடிக்கிறவருக்கு இது அவ்வளவாகத் தெரியாமல் இருக்கலாம். தமிழில் ‘எ’வை ‘ஏ’ ஆக்குவது கீழே ஒரு சின்னக் கோடு.

போன மாதம் அந்தக் கோடுதான் என்னை மாட்டிவிட்டது. “ஏழு பிள்ளைகளின் தாயார்” என்று வரவேண்டிய இடத்தில் “எழு பிள்ளைகளின் தாயார்” என்று கல்வெட்டு அச்சாகிவிட்டது. மூன்று தடவை ஒப்புநோக்கியும் பிடிபடவில்லை. 300 பிரதியிலும் அந்தத் தாளை என் செலவில் மாற்றினேன். பணம் போகட்டும், 31ஆம் நாளுக்கு முதல்நாள் அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கமுடியவில்லை.

பூச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கடை மேற்குப் பார்த்தது. பின்னேர வெயிலில் பழைய பளபளப்புத் திரையில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பூச்சில் தடிப்பும் உண்டு, மெல்லியதும் உண்டு. பனல் விபரத்தாள்களில் இதற்கு ‘ஹேஸ்’ என்று ஓர் எண் போடுவார்கள். ஊடுருவி வரும் ஒளியில் 2.5 பாகைக்கு மேல் விலகிச் சிதறும் பங்கு அது. 25 சதவீதம் என்பதைப் பரவலாகக் காணலாம். உங்கள் பெட்டியில் எந்த எண்ணும் இல்லை, “கண்ணுக்கு இதமானது” என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

மெல்லிய பூச்சுள்ள வேறொரு மொனிற்றரை மாற்றித் தாருங்கள். விலை கூடினால் வித்தியாசத்தைக் கட்டுகிறேன். அது இயலாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு பதிவேன்.

ரேப் துண்டை இன்னும் கழற்றவில்லை. யாரையாவது அனுப்பினால் வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்