ஜிம் மார்ஷலின் 282 ஆட்டங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் நாளிதழின் விளையாட்டுத் துணுக்குகளில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் மார்ஷலைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. 1964 அக்டோபர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில், எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு தப்பான திசையில் 66 கெஜம் ஓடியவர் என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். நடந்தது உண்மைதான். எதிரணிக்கு அதில் இரண்டு புள்ளி கிடைத்தது. ஆனால் 27-22 என்று ஜெயித்தது அவருடைய மின்னசோட்டா வைக்கிங்ஸ்தான். அதே ஆட்டத்தில் மார்ஷல் எதிரணியின் குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரை) மடக்கிப் பந்தை உதறவைத்தார். அதை எடுத்துக்கொண்டு எதிரணி எல்லைக்கோட்டுக்குள் ஓடித்தான் சக வீரர் கார்ல் எல்லர் டச்டவுன் போட்டார். இதையும் சேர்த்திருக்க வேண்டாமா?

மினியாபோலிஸில் குடியிருக்கும் நான் ஊரில் கபடி ஆடியவன், கார்னரில் நிற்பேன். ரெய்டு போய்ப் புள்ளி எடுத்தவன் பெயர்தான் மறுநாள் டீக்கடையில் அடிபடும், காலைப் பிடித்து அமுக்கியவனை யாரும் கேட்க மாட்டார்கள். தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டு வேலையும் அதே மாதிரிதான். மார்ஷல் அதை இருபது சீசன் செய்தார்.

1960-ல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணிக்கு 12 ஆட்டம். வைக்கிங்ஸ் அணி களமிறங்கிய முதல் வருடமான 1961-லேயே இங்கே வந்துவிட்டார். அப்போது சீசனுக்கு 14 ஆட்டம். அவருடைய கடைசி இரண்டு சீசன்களில் மட்டும் 16. கூட்டிப் பாருங்கள், 282 வரும். அத்தனையிலும் ஆடினார், ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் எதிரே நிற்பவன் மேல் முழு வேகத்தில் மோத வேண்டிய இடம் அது. அங்கே 41 வயது வரை நின்றார். நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தும் ஆடியிருக்கிறார். தடுப்பாட்டக்காரர்களில் இந்தத் தொடர்ச்சியை வேறு யாரும் எட்டவில்லை.

குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் 'சாக்' கணக்கை லீக் முறைப்படி வைக்கத் தொடங்கியதே 1982-ல்தான். மார்ஷல் ஓய்வு பெற்றது 1979-ல். அதனால் அவருடைய சாக்குகள் அந்தக் கணக்கில் இல்லை. அவரோடு அதே வரிசையில் நின்ற ஆலன் பேஜும் எல்லரும் கான்டன் நகரத்து ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் கூடத்தில், இருக்கிறார்கள். 2025 ஜூனில், 87 வயதில், அந்த மரியாதை கிடைக்காமலே மார்ஷல் போய்விட்டார். எனக்கு இது ஆறவே இல்லை. வைக்கிங்ஸ் மட்டும் அவருடைய 70-ஆம் எண் சட்டையை வேறு யாருக்கும் தருவதில்லை.

அடுத்த தடவை அந்தத் துணுக்கைப் போட்டால், 66 கெஜத்துக்குப் பக்கத்தில் 282 என்ற எண்ணையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

அன்புடன்,
ரா.மு.
மினியாபோலிஸ்