பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு

திரை விழுந்து 2 நாள் ஆகிறது. இன்னும் சரியாகத் தூங்கவில்லை. அரங்கேற்றத்துக்கு முந்தைய அந்தப் பத்து நாள் ஒத்திகையில் நாம் பட்ட பாடு நாடகக் குழுவில் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. குழந்தைகளின் இசை நாடகம் மேடையேறிவிட்டது. அது போதும்.

இரவோடு இரவாகப் பாட்டுகளுக்கு மறுபடி மெட்டமைத்தவர்கள், கீபோர்டும் தபலாவும் வாசித்தவர்கள், முகமூடி ஒட்டியவர்கள், விளக்கு போட்டவர்கள், பிள்ளைகளைத் தினமும் கூட்டி வந்த பெற்றோர்கள், ஒரு நாள்கூட முகம் சுளிக்காத 26 குழந்தைகள்: எல்லோருக்கும் நன்றி. ஒருவர் இல்லாவிட்டாலும் நடந்திருக்காது.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஒருவருக்காக. பேரனை ஒத்திகைக்குக் கூட்டி வந்து, பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா, உங்களுக்காக.

ஏழாம் நாள் ஒத்திகை முடிந்ததும் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தீர்கள். 11 பாட்டும் உங்கள் கையெழுத்தில் இருந்தது. வரிகளுக்கு நடுவே பென்சிலால் சின்னச் சின்ன வட்டம். "பாட்டு நல்லா இருக்கு. பிள்ளைங்க மூச்சு விடத்தான் இடம் இல்ல" என்றீர்கள். வீட்டில் நடந்துகொண்டே, சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு வரியாகப் பாடிப் பார்த்தீர்களாம்.

நான் மேசையில் உட்கார்ந்து எழுதியவன். ஓடி வந்து இரண்டு சுற்றுச் சுற்றிய 7 வயதுக் குழந்தை அடுத்த நொடியே ஒரு நீள வரியை எப்படிப் பாடும் என்று யோசிக்கவே இல்லை. அந்த இடங்களில் எல்லாம் "நிற்கிற பிள்ளைகள் பாடட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். மறுநாள் அப்படியே செய்தோம். அதுவரை ஓரத்தில் மரமாக நின்ற குழந்தைகளுக்கும் பாட ஒரு வரி கிடைத்தது.

அப்புறம் அந்தக் கூண்டுப் பாட்டு. "கதவைத் திற, என்னை விடு" என்று எழுதியிருந்தேன். 'வி'யில் மெட்டு உச்சிக்குப் போய் நான்கு தாளம் நிற்கும். குறிலை இழுத்தால் என்ன ஆகும்? அணில் வேடமிட்ட குழந்தை "என்னை வீடு" என்றுதான் பாடிக்கொண்டிருந்தது. எத்தனையோ முறை கேட்டும் என் காதில் அது விழவில்லை, எழுதியது என்னவென்று எனக்குத்தான் தெரியுமே. நீங்கள் 'விடு'வின் அடியில் கோடு போட்டு, "இங்கே நெடில் வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். "கதவைத் திற, நான் போகவா" என்று மாற்றினேன். உச்ச சுரத்தில் 'வா' வந்ததும் குழந்தையின் வாய் நன்றாகத் திறந்தது, குரல் கடைசி வரிசை வரை போனது. கட்டளையாக இருந்தது கேள்வியானதில் காட்சியே மாறிவிட்டது. அரங்கேற்றத்தன்று அந்த இடத்தில் முன்வரிசைச் சிறுவன் ஒருவன் "போ! போ!" என்று எழுந்து நின்று கத்தினான். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

எத்தனை வருடமாக எழுதுகிறேன், குழந்தைகளுக்காக என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். எழுதியதை ஒரு குழந்தையின் வேகத்தில் ஓடி, ஆடி, பாடிப் பார்த்ததில்லை. இனி அப்படிப் பார்க்காமல் எந்தப் பாட்டையும் ஒத்திகைக்குக் கொண்டு வரமாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

நோட்டைத் திருப்பித் தர மனமில்லை, என்னிடமே இருக்கட்டும். அடுத்த நாடகத்தில் பேரன் நடிக்காவிட்டாலும் நீங்கள் ஒத்திகைக்கு வர வேண்டும், அம்மா. பென்சில் நான் கொண்டு வருகிறேன்.