அக்காவின் பித்தக்குழாய்க் கட்டி

குடியாத்தம்

அன்புள்ள ராஜு,

"கேன்சர் இல்லை என்கிறார்களே, அப்புறம் எதற்கடா வயிற்றைக் கிழிக்கணும்?" என்று போனில் கேட்டாய். அன்றைக்கு எனக்கே பதில் தெரியவில்லை. இப்போது அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள், இரண்டு இட்லி இறங்குகிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

கண் மஞ்சளானதும் நம் ஊர் வழக்கப்படி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம். ஒரு மாதம் அதிலேயே போனது. தப்பு எங்கள்மேல்தான். உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கடுங்காப்பி நிறம், மலம் வெளுத்துவிட்டது. இதெல்லாம் பித்தம் இறங்கும் வழி அடைபட்டதற்கு அடையாளமாம். அதைத் திறக்கக் கீழாநெல்லியால் ஆகுமா? முதல் ஸ்கேனில் கல் என்றார்கள். வேலூரில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால் கல்லைக் காணோம், பித்தக்குழாயின் உள்சுவரில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி. அதில் துணுக்கு கிள்ளிச் சோதித்த பயாப்சியில் அடினோமா என்று வந்தது. சாதாக் கட்டி.

அந்த 'சாதா'வைக் கேட்டதும் நான் கற்பூரம் ஏற்றக் கிளம்பிவிட்டேன். டாக்டரம்மா உட்காரச் சொன்னார். கிள்ளி எடுத்தது அரிசியில் பாதி, அதில் கேன்சர் இல்லை, ஆனால் பக்கத்துத் திசுவில் இருக்காது என்று சொல்ல முடியாது என்றார். பித்தக்குழாய்க்குள் சாதாக் கட்டி வருவதே அபூர்வம். வந்தாலும் அடினோமா, பாப்பிலோமா வகைகளில் செல்கள் படிப்படியாக மாறி நாளடைவில் புற்றாகக்கூடும். பெருங்குடலின் உள்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சியும் அப்படித்தான், ஆனால் அதை உள்ளே போய்ப் பார்த்து அறுத்துவிடலாம். பித்தக்குழாயோ சாதாரணமாக அரை சென்டிமீட்டர் சொச்சம் அகலம், அதற்குள் அப்படி அறுப்பது சுலபமில்லை. கட்டியை முழுசாக எடுத்துச் சோதித்தால்தான் அது எது என்று நிச்சயமாகத் தெரியும். குழாய் நெடுகப் பல இடத்தில் முளைக்கும் வகையும் உண்டாம், அது எடுத்தாலும் திரும்ப வரும். நல்லவேளை, அக்காவுக்கு ஒன்றுதான்.

பித்தப்பையோடு குழாயையும் வெட்டி எடுத்து, சிறுகுடலை மேலே இழுத்துக் கல்லீரலின் குழாயோடு தைத்தார்கள். முழுக் கட்டியைச் சோதித்ததில் ஓரிடத்தில் செல்கள் புற்றுக்கு முந்தைய நிலை வரை போயிருந்தன. அதைத் தாண்டவில்லை. வெட்டிய ஓரங்கள் சுத்தம். காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

உன் ரிப்போர்ட்டில் வந்த 4 மில்லிமீட்டர் பாலிப்பையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அது பித்தப்பையில் இருப்பது. அங்கே வருபவற்றில் பெரும்பாலானவை கொழுப்புப் படிந்தவை, அவை புற்றாவதில்லை. பொதுவாக 10 மில்லிமீட்டரை எட்டினால்தான் பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். அதற்காக டாக்டர் சொன்ன ஸ்கேனைத் தள்ளிப்போட்டுவிடாதே, நீ அதில் கெட்டிக்காரன்.

வேலூரில் நாங்கள் தங்கிய லாட்ஜில் பக்கத்து அறையெல்லாம் வங்காளக் குடும்பங்கள். வாடகை அடுப்பில் கடுகெண்ணெயில் மீன் பொரிப்பார்கள். முதலில் மூக்கைப் பொத்தினேன், கிளம்பும்போது ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

ஆறு மாதத்தில் அக்காவுக்கு மறுபடி ஸ்கேன். அப்போது காட்பாடிக்கு வண்டி ஏறு. ஆற்காடு மக்கன்பேடா வாங்கி வைக்கிறேன், ஆனால் அக்கா கண்ணில் படாமல் தின்ன வேண்டும்.

உன்,
குமார்