அப்பாவுக்கு, செவெரோத்வின்ஸ்கிலிருந்து

செவெரோத்வின்ஸ்க், ரஷ்யா
20 ஜனவரி 2013

அன்புள்ள அப்பா, அம்மா,

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க. உங்கள் கடிதத்தை லீவு முடிந்து திரும்பிய ஒருவர் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். "இருக்கியா செத்தியான்னு ஒரு வரி எழுத முடியாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், ஆனால் அம்மா அழுது முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது, அதில் என்னத்தைச் சொல்ல. அதனால் இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் குளிர், ஜெசி அதைத்தான் கேட்கிறாள். தூத்துக்குடியில், பனிமய மாதா ஊரில் பிறந்தவனுக்குப் பனியைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது, மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும். வெளியே போனால் முதலில் உறைவது மூக்குமுடி, அப்புறம் இமை. காலை பதினொன்றுக்கு விடிகிறது, நாலு மணிக்கு இருட்டுகிறது. வெள்ளைக் கடல் என்று பெயர், இப்போது நிஜமாகவே வெள்ளை, அதன்மேல் ஆட்கள் நடந்துபோய் துளை போட்டுத் தூண்டில் விடுகிறார்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், வலையும் வேண்டாம் வள்ளமும் வேண்டாம், ஒரு முக்காலி போதும். வீட்டுக்குள் குளிரே தெரியாது, பனியனோடுதான் இருக்கிறேன், அம்மா கவலைப்பட வேண்டாம். செலவும் பெரிதாக ஒன்றும் கிடையாது.

அந்தக் கருவாட்டை வறுத்த அன்று ஒரு கூத்து. படிக்கட்டு முழுக்க வாடை. கீழ்வீட்டுக் கிழவி, போனில் சொன்னேனே, நான் கடுகு தாளித்தாலே தீப்பிடித்துவிட்டதென்று ரேடியேட்டர் குழாயைக் கரண்டியால் தட்டுகிறவள், மேலே ஏறி வந்துவிட்டாள். தொலைந்தோம் என்று கதவைத் திறந்தால், சட்டிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய், அவள் உப்புப் போட்டு வைத்திருந்த மீனை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். ட்ரெஸ்கா என்று ஒரு மீன், இந்தப் பக்கத்துக்காரர்களை "ட்ரெஸ்கா தின்னிகள்" என்றே மற்ற ரஷ்யர்கள் கிண்டல் செய்வார்களாம். வாடையில் நம் கருவாட்டுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. அன்றிலிருந்து குழாயில் தட்டுவது நின்றுவிட்டது.

இவள் கப்பல்கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவள். எந்தக் கப்பலுக்கு என்று கேட்டால் "கிரேன்" என்பாள், அதோடு சரி. இந்த ஊரே அப்படித்தான். இப்போதும் வெளிநாட்டுக்காரன் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். நானும் வேலையைப் பற்றி எழுதக் கூடாது, ஆனால் நீங்கள் தோணி கட்டும் ஓடாவிக்கே உரிய கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள்: இவ்வளவு பெரிய கப்பலுக்கு ஏராவை, அந்த அடிமரத்தை, எங்கே வைக்கிறார்கள், எப்படித் தண்ணீரில் இறக்குகிறார்கள் என்று. பேப்பரிலும் புத்தகத்திலும் வந்ததை மட்டும் சொல்கிறேன்.

செவ்மாஷ் என்பது தளத்தின் பெயர். 1936இல் சதுப்பு நிலத்தில் தொடங்கியிருக்கிறார்கள், நிறையக் கைதிகளை வைத்துத்தான் தளத்தையும் ஊரையும் எழுப்பினார்களாம். ஊருக்கு 1938இல் மோலோத்தவ்ஸ்க் என்று பெயர் வைத்தார்கள், 1957இல்தான் இந்தப் பெயர். அதற்கு முன் இங்கே இருந்தது புனித நிக்கோலாவுக்கு ஒரு பழைய மடம். 1553இல் வடக்கே வழி தேடி வந்த சான்ஸ்லர் என்ற இங்கிலாந்துக்காரன் இந்த மடத்துப் பக்கம்தான் கரையேறி, இங்கிருந்து மாஸ்கோ போய் ஜார் மன்னனைப் பார்த்தான். மடத்துக்கோயில் இன்னும் தளத்தின் மதிலுக்குள்ளேயே, பட்டறைகளுக்கு நடுவில் நிற்கிறது. நிக்கோலா கடலோடிகளின் புனிதர், அதனால் நானும் போகவரக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இங்கே கப்பலை வெட்டவெளியில் கட்டுவதில்லை, இந்தக் குளிரில் யாரால் முடியும். கூரைக்குள், நம் பெரிய மாதா கோயிலைப் போலப் பல கோயில் கொள்ளும் கொட்டகைகளுக்குள் கட்டுகிறார்கள். நீர்மூழ்கி முடிந்ததும் தண்டவாளத்தில் வரிசையாக வண்டிகள், அதன்மேல் அப்படியே வெளியே உருட்டுகிறார்கள். அப்புறம் தொட்டிபோல ஒரு டாக், அதில் தண்ணீரை ஏற்றினால் கப்பல் தானாக மிதக்கும். நாம் தோணிக்கு உருளைக்கட்டை போட்டு, ஊரே வடம் பிடித்து, சத்தம் போட்டு இழுப்போமே, அது எதுவும் கிடையாது. பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும்.

இதுதான் உங்களுக்குப் பிடிக்கும்: தளத்தின் பிறந்தநாள் 21 டிசம்பர் 1939. 'சோவியத்ஸ்கயா பெலோருஸ்ஸியா' என்ற பெரிய போர்க்கப்பலுக்கு ஏரா வைத்த நாள். மறுவருடமே அதை நிறுத்திப் பிரித்துப் போட்டுவிட்டார்கள், உடம்பில் அடித்த ரிவெட் ஆணியில் எழுபதாயிரம் தரமில்லாதது என்று கண்டுபிடித்ததால். "ஆணி பொய் சொன்னா தோணி பொய் சொல்லும்" என்று நீங்கள் சித்தப்பாவைத் திட்டியது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு. ஆனால் அதே தளம்தான் சோவியத்தின் முதல் அணு நீர்மூழ்கி கே-3ஐ 1957இல் தண்ணீரில் இறக்கியது. அது 1962இல் பனிக்கு அடியிலேயே வடதுருவம் போய் வந்தது. உலகத்திலேயே பெரிய நீர்மூழ்கியும் இங்கே செய்ததுதான், நூற்றுஎழுபது மீட்டருக்கு மேல் நீளம். அந்தக் காலத்திலெல்லாம் கிழவி கிரேனில்தான் இருந்திருப்பாள். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

நம் கப்பல், நம் கடற்படைக்காக இங்கே மாற்றிக் கட்டும் விமானம் தாங்கி, இங்கே பிறந்ததில்லை, உக்ரைனில் நிக்கோலாயெவில் பிறந்தது. 'பாகு', அப்புறம் 'கோர்ஷ்கோவ்', இப்போது 'விக்ரமாதித்யா'. முன்பக்கம் இருந்த ஏவுகணைகளை எடுத்துவிட்டு, விமானம் தாவிப் பறக்க ஏற்றமாக ஒரு மேடை வைத்திருக்கிறார்கள். நீளம் 284 மீட்டர், நம் நூறடித் தோணி ஒன்பதை வரிசையாக நிறுத்தலாம். ஒப்பந்தம் போட்டது 2004 ஜனவரி 20, இன்றைக்குச் சரியாக ஒன்பது வருடம். 2008இல் வரவேண்டியது. போன டிசம்பரில் வரவேண்டியது. செப்டம்பரில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது எட்டு பாய்லரில் ஏழு சரிப்பட்டு வரவில்லை, உள்ளே வைத்த காப்புச் செங்கல் தாங்கவில்லை என்று நீங்களே தினசரியில் படித்திருப்பீர்கள். வருடக் கடைசி என்கிறார்கள் இப்போது.

அதனால்தான், அப்பா, நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கப்பல் தள்ளிப்போனதை எழுதவேண்டுமே என்று.

நேற்று ஆண்டவரின் திருமுழுக்குத் திருவிழா, இங்கே அது பத்தொன்பதாம் தேதி. பனியில் சதுரமாகக் குழி வெட்டி, பாதிரியார் மந்திரித்ததும் ஆட்கள் மூன்று முறை முங்கி எழுகிறார்கள். கிழவி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் முங்கவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். திரும்பும்போது அவள் வீட்டுக்காரர் விட்டுப்போன கொட்டகையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பழைய மரப்படகு, கார்பாஸ் என்கிறார்கள். பலகையோடு பலகையை ஆணி இல்லாமல் மரவேரால் தைத்திருந்தது. நம் பக்கமும் கயிறு போட்டுத் தைத்த படகு இருந்ததென்று நீங்கள் சொல்வீர்களே. பொருத்துவாயில் கையை வைத்தேன், தார்க்கீல் வாசனை. அப்பா, நீங்கள் பலகை இடுக்கில் கலப்பற்று அடிக்கும்போது சட்டையில் ஒட்டியிருக்குமே, அதே வாசனை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கிழவி பேசாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட இருந்தவன் டிசம்பரிலேயே ஊருக்குப் போய்விட்டான், அறையில் நான் மட்டும்தான் என்று போனில் சொல்லவில்லை, சொன்னால் அம்மா தூங்க மாட்டாள்.

சரி, ஜெசி கல்யாணம். எனக்காக ஈஸ்டருக்கு அப்புறம் தள்ள வேண்டாம். ஈஸ்டருக்கும் நான் வரப்போவதில்லை. தவசுகாலம் பிப்ரவரி 13இல் தொடங்குகிறது, அதற்குள் முடித்துவிடுங்கள், கோயிலில் மூன்று கல்யாண ஓலையையும் உடனே வாசிக்கச் சொல்லுங்கள். தம்பி முறைக்குச் செய்யவேண்டியதைச் சித்தப்பா மகன் செய்யட்டும், ஜெசி கோபிப்பாள், நான் போனில் பேசிக்கொள்கிறேன். பந்திக்குச் சீலா மீனை முன்கூட்டியே சொல்லிவைக்கும்படி அண்ணனிடம் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் விலையைக் கூட்டிவிடுவார்கள். மதினியின் செயினை இந்த மாதம் மீட்பதாகச் சொல்லியிருந்தேன். அது சித்திரை வரை இருக்கட்டும், வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். விசேஷமாக ஒன்றுமில்லை, பூட்ஸ் இரண்டாவது தடவை வாங்கவேண்டி வந்தது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கென்று தனியாக வைத்ததை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன், மண்டபத்துக்கு முன்பணமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

லீவில் போய்வருகிறவர் பிப்ரவரி முதல் வாரம் தூத்துக்குடி வருவார். அவரிடம் இன்னொரு பொட்டலம் கருவாடு கொடுத்தனுப்புங்கள், கிழவிக்கும் சேர்த்து.

உங்கள் மகன்,
அந்தோணி